மூணு மணிக்குள்ள

வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கிறது. உடம்பளவுல நான் நல்லாத்தான் இருக்கேன், முட்டி வலி மட்டும் வந்த விருந்தாளி மாதிரி கிளம்புற வழியைக் காணோம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூணு பேரும் அங்க அந்தக் குளிர்ல ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் பேனாவை எடுத்தேன். குட்டி முன்பல் ரெண்டும் விழுந்து சிரிக்கிற போட்டோவைத் தையல் மிஷினுக்கு நேரா சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன், வேலை குடுக்க வர்றவங்க எல்லாம் அப்படியே உங்க ஜாடைங்கிறாங்க, எனக்கும் ரெண்டு பல் இல்லாததால சொல்றாங்களோ என்னவோ. வேலைக்குக் குறைச்சல் இல்ல. டிப்போவுல இருபத்தாறு வருஷம் பஸ் சீட் தைச்ச கைக்கு ஸ்கூட்டர் சீட்டும் வேன் சீட்டும் விளையாட்டு மாதிரி. சமையலறைக் குழாய் ஒழுகுனது நின்னுடுச்சு, நீ டிப்போவுல எலக்ட்ரீஷியனா இருந்தப்போ வாங்கின டூல் பாக்ஸ் கட்டிலுக்கு அடியில கிடக்கு, அதுல இருந்து ஸ்பானரை எடுத்து நானே வாஷர் மாத்திட்டேன். போன வாரம் போன்ல நீ ஒண்ணு கேட்டே, அடுப்புல என்னமோ கருகுதுன்னு சொல்லி வச்சுட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்ல. இங்கயும் நம்ம ஊர் மாதிரி ரெண்டே பெரிய கட்சிதான்மா, மூணாவதா ஒரு சின்னக் கட்சி நிக்குது, அவங்க பேசுறதுதான் எனக்கு நியாயமாப் படுது, ஆனா கூட வேலை பார்க்கிறவங்க எல்லாம் ஓட்டை வீணாக்காதேங்கிறாங்க, நீயும் அப்பாவும் ஆயுசு பூரா சின்னக் கட்சியில இருந்தவங்களாச்சே, நீ என்ன சொல்றேன்னு கேட்டே. அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் வேற ஒண்ணைச் சொல்லியாகணும். போன்ல எனக்கு வாய் வராது, அதான் கடிதம். உட்கார்ந்து படி, நின்னுக்கிட்டே படிக்காத.

பாதி உனக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா முதல்லேருந்து வரிசையாச் சொன்னாத்தான் எனக்குத் தைரியம் வரும். நம்ம ஊர்ல ஒரு கட்சி போஸ்டர்ல தலைவர் சிரிப்பார், இன்னொரு கட்சி போஸ்டர்ல தலைவர் முறைப்பார், அதனால சிரிக்கிற கட்சி, முறைக்கிற கட்சின்னு அப்பாதான் பேர் வச்சார். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கிட்டே நம்ம கையை நசுக்குவாங்க, முறைக்கிறவங்க முறைச்சுக்கிட்டே நசுக்குவாங்க, நசுங்குறது ரெண்டு தடவையும் நம்ம கைதான், மூணாவதா நமக்குன்னு ஒரு ஆள் நின்னாத்தான் அவங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சமாவது பயம் இருக்கும்னு சொல்லுவார். கணக்கு டீச்சர் அப்ப நம்ம கட்சியிலதான் இருந்தாங்க. அவங்க கணக்கு வேற. முறைக்கிறவங்க வந்தா இருக்கிறதும் போயிடும், அவங்க ஜெயிச்சுடுவாங்கன்னு தெரியற இடத்துல நாம ஒதுங்கி சிரிக்கிறவங்களுக்கு வழி விடணும்பாங்க. ரெண்டு பேரும் நாலு வருஷம் இதையே பேசுனாங்க, கடைசியில ஒரு கூட்டத்துல டீச்சர் எழுந்து, ஓட்டைப் பிரிச்சு விடறதுக்கு முறைக்கிறவங்க பக்கத்துல இருந்து உங்களுக்கு ஏதாவது பணம் வருதான்னு அப்பாவை நேருக்கு நேர் கேட்டுட்டாங்க. அன்னைக்குக் கட்சி ரெண்டாச்சு. இருந்ததே நூத்தி நாப்பது பேர், அதுல ரெண்டு கட்சி, ரெண்டு ஆபீஸ், ரெண்டு சிவப்புக் கொடி, சிரிப்பா இருக்கும் உனக்கு. அப்பாவுக்குச் சிரிப்பு வரல. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில காய்ச்சல் வேகத்துல, நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கலம்மா வாங்கலம்மான்னு நர்ஸ்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தார், அந்தப் பொண்ணு மாத்திரையைச் சொல்றார்னு நினைச்சு, வாங்கிக்கங்க ஐயான்னு கெஞ்சிச்சு. அதை நான் கட்டிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். அப்ப நீ பத்தாவது பரீட்சை எழுதிக்கிட்டிருந்தே.

அப்புறம் ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்த தேர்தல். முறைக்கிற கட்சிக்காரங்க, இந்தத் தொகுதியில ஜெயிச்சா டிப்போவைத் தனியாருக்குத் தூக்கிக் குடுத்துடுவோம்னு மேடை போட்டுச் சொன்னாங்க. அந்த பயத்துல, சேரவே மாட்டாங்கன்னு இருந்த ரெண்டு சின்னக் கட்சியும் உட்கார்ந்து பேசுச்சு, சிரிக்கிற கட்சியும் எப்படியும் இங்க தோக்கப் போறோம்னு தெரிஞ்சு அவங்க ஆளை நிறுத்தலேன்னு ஒத்துக்கிட்டாங்க. சிவப்புக் கொடிக்கு ஒரே ஆள், அது கணக்கு டீச்சர்னு முடிவாச்சு. நம்ம கட்சி சார்பா ஏற்கெனவே மனு போட்டிருந்தது உன் மாமா. டிப்போ டிரைவர், வாய் நிறையச் சிரிப்பு, தெருவுல பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனவர், அவர் நின்னா ஓட்டு விழத்தான் செய்யும். ஆனா ஒரு வார்த்தை மறுத்துப் பேசல, டிப்போதான் முக்கியம், நான் விலகிக்கிறேன்னுட்டார். வாபஸ் வாங்குற கடைசி நாள், மூணு மணியோட சரி. அன்னைக்கு அவருக்கு நீண்ட ரூட், லீவு கிடைக்கல, போனையும் லாக்கர்ல வச்சுட்டுத்தான் வண்டி எடுக்கணும். காலையில டிப்போ வாசல்ல, பஸ் ஸ்டியரிங் மேலயே பேப்பரை வச்சுக் கையெழுத்துப் போட்டு என் கையில குடுத்தார். நான்தானே அவரோட தேர்தல் ஏஜெண்ட், அவருக்குப் பதிலா நான் குடுத்தாலும் செல்லும். மூணு மணிக்குள்ள குடுத்துடும்மா, வழியில யார்கிட்டயாவது பேசிக்கிட்டு நின்னுடாதேன்னு கேலி வேற பண்ணினார். நான் போறதைக் கண்ணாடியில பார்த்துக் கை காட்டினார்.

நான் ரெண்டு மணிக்கே போயிட்டேன் கண்ணு. தேர்தல் ஆபீஸ் வராந்தாவுல ஒரு நீள பெஞ்சு, சுவத்துல வட்டக் கடிகாரம், கதவு பக்கத்துல பியூன். உள்ள போயிருந்தா ரெண்டு நிமிஷ வேலை. அந்த நேரம் பார்த்து கணக்கு டீச்சர் வந்தாங்க. என் பக்கத்துல உட்கார்ந்து, என் கையைப் பிடிச்சு, கண்ணெல்லாம் கலங்கி, உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இன்னைக்கு ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்னு சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க, அது எனக்கு இன்னைக்குத் தெரியுது. அன்னைக்கு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. எந்த வாய் அவரைக் கேட்டுச்சோ அதே வாய் அவர் சந்தோஷத்தைப் பத்திப் பேசுதே, ஒரு மன்னிப்பு இல்ல, ஒண்ணும் இல்லையேன்னு. அவங்க எழுந்து வாசலுக்குப் போன பின்னாடியும் நான் உட்கார்ந்தே இருந்தேன். கோவம் அடங்கட்டும், அப்புறம் உள்ள போகலாம்னுதான் உட்கார்ந்தேன், சத்தியமாச் சொல்றேன். மூணு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்போ பியூன் வந்து, வாபஸ் வாங்குறவங்க யாராவது இருக்கீங்களான்னு கேட்டான். அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ கேட்டான். கதவுல கையை வச்சுக்கிட்டு மூணாவது தடவையும் கேட்டான், இந்தத் தடவை என்னைப் பார்த்தே கேட்டான். பேப்பர் என் மடியில கைப்பைக்குள்ள இருக்கு. நான் எழுந்திரிக்கல. இப்பவும் தைச்சுக்கிட்டிருக்கிறப்போ மிஷினை நிறுத்தினா அந்தக் குரல் கேட்குது, அதனாலதான் நீ போன் பண்றப்போ எல்லாம் மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும், கொஞ்சம் நிறுத்தும்மான்னு நீ கத்துவே.

கதவைச் சாத்தின பின்னாடி டீச்சர் ஓடி வந்து பேப்பர் எங்கன்னு கேட்டாங்க. அண்ணன் இன்னும் என் கையில குடுக்கலன்னு என் வாய் சொல்லிடுச்சு. யோசிச்சுச் சொன்னா கூட அப்படி ஒரு பொய் எனக்கு வந்திருக்காது. சாயங்காலம் மாமா வண்டியை விட்டுட்டு வர்றப்பவே டிப்போ வாசல்ல நிறுத்தி, அண்ணா பேப்பரை வழியில தொலைச்சுட்டேன், சொன்னா என்னைக் கிழிச்சுடுவாங்க, நீங்க குடுக்கலன்னு சொல்லிட்டேன்னு அழுதேன். அது ரெண்டாவது பொய். அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்னைக்கு ராத்திரி அச்சகத்துக்கு மேல இருக்கிற மாடி ரூம்ல ரெண்டு கட்சிக்காரங்களும் நிக்கிறாங்க, எல்லார் முன்னாடியும் அவர், "குடுக்க மறந்துட்டேன், தப்பு என்னுது"ன்னார். மறுநாள்லேருந்து தெருத் தெருவாப் போய், தயவு பண்ணி எனக்குப் போடாதீங்க, டீச்சருக்குப் போடுங்கன்னு கும்பிட்டார். தனக்கு ஓட்டுப் போடாதேன்னு ஓட்டுக் கேட்ட ஒரே வேட்பாளர் அவராத்தான் இருக்கும். ஜனங்க சிரிச்சாங்க, சிரிச்சுட்டு, இவ்வளவு நல்ல மனுஷனுக்குப் போடாம யாருக்குப் போடறதுன்னு அறுநூத்திப் பதினோரு பேர் அவருக்கே போட்டுட்டாங்க. டீச்சர் தோத்தது நூத்தி நாப்பத்தி மூணு ஓட்டுல. அந்த அறுநூத்திப் பதினொண்ணுல ஒண்ணு என்னோடது. திரைக்குப் பின்னாடி நின்னப்போ கூட எனக்குக் கோவம் தீரல, என்ன ஜென்மம் பாரு நான்.

அந்தப் பேப்பரை என்ன பண்ணினேன்னு கேட்பே. கிழிக்கக் கை வரல, அண்ணன் கையெழுத்து. வீட்டுல வச்சா என் கைப்பையை நீ துழாவுவே. தேர்தலுக்கு நாலு நாள் முன்னாடி மாமா ஓட்டுற வண்டியோட டிரைவர் சீட்டே ஸ்பாஞ்ச் அமுங்கிப் போய் என் மேஜைக்கு வந்துச்சு. ரெக்சினுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவுல பேப்பரை மடிச்சு வச்சு, ரெட்டை நூல் போட்டுத் தைச்சு அனுப்பிட்டேன். ஏன் அங்க வச்சேன்னு கேட்காத, எனக்கே தெரியாது. முறைக்கிறவங்க வந்து டிப்போவைக் கைமாத்தி விடற வரைக்கும் பதினாலு மாசம் உன் மாமா அது மேலதான் உட்கார்ந்து வண்டி ஓட்டினார். தினமும் காலையில வண்டி என் ஷெட்டைத் தாண்டிப் போறப்போ ஹாரன் அடிப்பார், நான் தலையைத் தூக்க மாட்டேன். வெளியில என்ன பேசினாங்கன்னு உனக்கே தெரியும், மறந்தா போவான் ஒருத்தன், முறைக்கிறவங்க கிட்ட வாங்கிட்டுத்தான் பேப்பரைக் குடுக்காம வச்சுக்கிட்டான்னு. அப்பாவைக் கேட்ட அதே கேள்வி. அப்பாவுக்காகக் கோவப்பட்டு, அப்பா பட்டதையே என் கூடப்பிறந்தவர் தலையில கொண்டு போய் நானே வச்சேன். டிப்போவுல இருநூத்தி நாப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க, அதுல உன் பேரும் இருந்துச்சு. நீ அவ்வளவு தூரம் போய்ப் பிழைக்க வேண்டி வந்ததுக்கு உன் மாமா காரணம் இல்ல கண்ணு. நான்தான். நீ குட்டியை இடுப்புல வச்சுக்கிட்டுக் கிளம்புன அன்னைக்கு ஸ்டேஷனுக்கு அவர் ஒரு பை ஆரஞ்சு வாங்கிட்டு வந்தார், ஜன்னல் வழியா நீட்டினார், நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே. ரயில் நகர்ந்த பின்னாடியும் கை நீட்டினபடியே ரெண்டு மூணு அடி நடந்தார். நான் பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டிருந்தேன். அந்தப் பையை என் வீட்டு வாசல்ல வச்சுட்டுப் போயிட்டார், அதுல ஒண்ணைக் கூட என்னால உரிக்க முடியல, எல்லாம் அழுகித்தான் போச்சு.

இப்ப நடக்கிறது என்னன்னா, ரெண்டு சின்னக் கட்சியும் ஒரேயடியா ஒண்ணாச் சேரப் போகுது. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில அதே மாடி ரூம்ல கூட்டம். ஒவ்வொரு பேரா வாசிச்சு, ஆட்சேபணை இருக்கான்னு கேட்டுட்டுத்தான் சேர்ப்பாங்களாம். மாமாவும் மனு குடுத்திருக்கார். அறுபத்தி நாலு வயசு, அத்தை போன பின்னாடி தனியா இருக்கார், அந்தக் கொடியைத் தவிர அவருக்கு வேற என்ன இருக்கு. பதினோரு பேர் அவர் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்களாம். போன சனிக்கிழமை கணக்கு டீச்சர் நம்ம வீட்டுக்கே வந்தாங்க. தலை பூரா வெளுத்துப் போச்சு, மாடிப்படி ஏறுன மாதிரி மூச்சு வாங்குது. எனக்கு உங்க அண்ணன் மேல கோவம் இல்ல, ஆனா சபையில அவர் பேரைச் சொன்னா அசிங்கப்படுத்திடுவாங்க, நீங்களே பக்குவமாச் சொல்லி அவர் மனுவை வாபஸ் வாங்க வச்சுடுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. மறுபடியும் ஒரு வாபஸ், மறுபடியும் என் கையால. போறப்போ வாசல்ல நின்னு, உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, எத்தனையோ நாள் சொல்லணும்னு நினைச்சேன்னாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்த பெஞ்சுல சொல்லியிருக்கலாம் இல்லையா. நான் சரி டீச்சர்னு மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்.

திங்கட்கிழமை மாமா வந்தார். டிப்போ கைமாறினப்போ தான் ஓட்டின வண்டியோட சீட்டை ஸ்டோர்ல கேட்டு வாங்கிட்டுப் போய், மரக்கால் அடிச்சு ஜன்னல் ஓரம் நாற்காலி மாதிரி போட்டிருக்கார்னு உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அதைப் பார்க்கிறதுக்குப் பயந்துக்கிட்டே நான் அவர் வீட்டுக்குப் போறதைக் குறைச்சுட்டேன். அந்தச் சீட்டைக் காலைக் கழட்டி சைக்கிள் கேரியர்ல கட்டிக் கொண்டு வந்து என் மேஜை மேல வச்சார். பின்னாடி தையல் விட்டுப் போச்சும்மா, குத்துது, நீயே பிரிச்சுப் பாருன்னார். தண்ணி குடுத்தேன், பாதி குடிச்சுட்டுப் போயிட்டார். நான் கதவைத் தாழ் போட்டுட்டுப் பிரிச்சேன். மத்த மூணு பக்கமும் என் தையல், ரெட்டை நூல், நாலு குத்துக்கு ஒரு முடிச்சு. பின் ஓரத்துல ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் என் தையல் இல்ல. செருப்புத் தைக்கிற நூல்ல, ஒத்தை நூலா, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டையா, ஊசி பிடிச்சுப் பழக்கமே இல்லாத ஒரு கை தைச்சது. உள்ள பேப்பர் இருந்துச்சு. நான் வெறுமனே வச்சேன், இப்ப ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள, வாயைத் தீயில காட்டி ஒட்டி, வேர்வை படாம பத்திரமா இருந்துச்சு. கூடவே டிப்போவோட கடைசி நாள் தேதி போட்ட டிரிப் ஷீட், அவர் ஓட்டின கடைசி நடையோட கணக்கு. சீட்டை வீட்டுக்குக் கொண்டு போன அன்னைக்கே பார்த்திருக்கார். நான் தொலைக்கலன்னு அவருக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். ஊர் அவரை வித்தவன், வாங்கினவன்னு சொல்லிக்கிட்டிருந்தப்போ, நீ போன் பண்ணி அவர் பேரைக் கூட எடுக்காதேன்னு சொல்லிக்கிட்டிருந்தப்போ, அவரைக் காப்பாத்துற ஒரே பேப்பர் மேல அவர் உட்கார்ந்துக்கிட்டிருந்திருக்கார், வாயைத் திறக்காம. எடுத்துட்டுப் போய் யார்கிட்டயாவது காட்டியிருக்கலாம், என் மூஞ்சியில விட்டெறிஞ்சிருக்கலாம். நான் வச்ச இடத்துலயே திருப்பி வச்சுத் தைச்சிருக்கார்.

நேத்து சீட்டைத் தைச்சு எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். பேப்பரை உள்ள வைக்கல. காலைப் பொருத்தி உட்கார்ந்தார், முன்னும் பின்னும் அசைஞ்சு பார்த்தார், கையால ஓரத்தைத் தடவினார். "இப்ப குத்தல"ன்னார். அவ்வளவுதான். அண்ணான்னு கூப்பிட்டேன், அவர் பேப்பரைப் பத்திக் கேட்கல, உன்னைப் பத்தித்தான் கேட்டார், குட்டிக்குப் பல்லு விழுந்துடுச்சாமேன்னார். போட்டோ கொண்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். சின்னக் கட்சிக்குப் போடு, பெரிய கட்சிக்குப் போடு, அது உன் யோசனை, உன் ஊர். அப்பா சொன்னதும் சரி, டீச்சர் சொன்னதும் சரின்னு இந்த வயசுல எனக்குத் தோணுது, வயித்தெரிச்சல் என்னன்னா நான் ரெண்டு பேர் சொன்னதையும் கேட்கல. நான் கொள்கைக்குப் போடல, கணக்குக்கும் போடல, கோவத்துக்குப் போட்டேன், அதை மட்டும் நீ செய்யாத. ஞாயித்துக்கிழமை மாமா பேரை வாசிச்சு ஆட்சேபணை இருக்கான்னு கேட்கிறப்போ நான் எழுந்து பேப்பரை மேஜை மேல வைக்கப் போறேன். வைக்கிறேன்னு எழுதிட்டேன், ஆனா என்னை எனக்குத் தெரியும், கால் எழுந்திரிக்காம போனாலும் போகும். அதுக்காகத்தான் அசல் பேப்பரை இந்தக் கடிதத்தோட உனக்கு அனுப்புறேன், நகல்தான் நான் எடுத்துட்டுப் போறது. அசல் உன் கையில இருந்தா அதுக்கு மேல நான் ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இது உன் கைக்கு வர பத்து நாள் ஆகும், அதுக்குள்ள நான் எழுந்தேனா இல்லையான்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். எழுந்தாலும் எழாட்டியும் நீ முதல்ல மாமாவுக்குப் போன் பண்ணு, அதே நம்பர்தான், மாத்தல. என்னைத் திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம், நான் எங்கயும் போயிட மாட்டேன். நீ என்னோட பேசாம இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அதுவும் எனக்கு வேணும்தான், ஆனா குட்டி குரலை மட்டும் எப்பவாவது கேட்க விடு.

நீங்க மூணு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், யார் மேலயும் மனக்கசப்பு இல்லாம இருக்கணும். குளிருக்குக் காதை மூடிக்கோ, குட்டிக்கு ராத்திரி பல் தேய்ச்சு விடு, புதுப் பல்லாவது நிக்கட்டும். காலையில எழுத ஆரம்பிச்சது, எழுதி எழுதி நிறுத்தி இவ்வளவு நேரம் ஆச்சு. கவரை ஒட்டிட்டேன்னா திரும்பப் பிரிக்க மாட்டேன். தெருமுனைத் தபால் பெட்டியில மூணு மணிக்கு வந்து எடுப்பாங்க. இப்ப மணி ரெண்டே கால். செருப்பைப் போட்டுக்கிட்டேன், கிளம்புறேன்.

உன்
அம்மா